68-95-99.7 விதி போதுமா? இசட் அட்டவணை, செபிஷேவ், சதமானம்: எதை எப்போது எடுப்பது

சராசரி கண்டுபிடித்தாயிற்று, திட்ட விலக்கமும் (மதிப்புகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) கைக்கு வந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது என்ற இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். "இரண்டு திட்ட விலக்கத்துக்குள் 95 சதவீதம் என்று எழுதிவிடலாமா, இல்லை இசட் அட்டவணையைப் புரட்டியே ஆக வேண்டுமா?" என்பது மாணவர்களின் கேள்வி. ஆய்வகத்திலும் தொழிற்கூடத்திலும் வேலை பார்ப்பவர்கள் கேட்பது கொஞ்சம் வேறு: "என் தரவு மணி வடிவத்தில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அப்போதும் இந்த விதியை நம்பலாமா?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து நான்கு வழிகள் இருக்கின்றன. 68-95-99.7 விதி, இசட் மதிப்பை (சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி என்ற எண்) வைத்துத் துல்லியமாகக் கணக்கிடுவது, செபிஷேவ் சமனின்மை, தரவையே வரிசைப்படுத்திச் சதமானம் (கீழிருந்து எத்தனை சதவீதம் என்று) பார்ப்பது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரவின் நடுப்பகுதியைப் பற்றிய கேள்வி என்றால் விதி அருமையான கருவி. நீங்கள் எடுக்கப்போகும் முடிவு வால் பகுதியில், அதாவது மிக அரிதாக வரும் மதிப்புகளில் நிற்கிறது என்றால், அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

## எதையெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்

முதல் அளவுகோல் வடிவம். தரவு இயல்நிலைப் பரவலுக்கு, அதாவது மணி வடிவத்துக்கு, பக்கத்திலாவது இருக்கிறதா, ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா, இரண்டு மேடு தெரிகிறதா? ஹிஸ்டோகிராம் (எந்த அளவில் எத்தனை மதிப்புகள் என்று காட்டும் பட்டைப் படம்) ஒன்றை வரைந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அடுத்து எண்ணிக்கை. 15 மதிப்புகளை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதும் 5,000 மதிப்புகளை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதும் ஒன்றல்ல.

மூன்றாவது, உங்கள் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது. சரியாக ஒன்று, இரண்டு, மூன்று திட்ட விலக்கத்தில் விழுந்தால் ஒரு கதை; 1.4-இல் விழுந்தால் வேறு கதை. நான்காவது, தவறினால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது. வகுப்பில் தோராயமாக ஒரு விடை சொல்வதும் நோயாளியின் அறிக்கையில் ஒரு எண்ணைச் சிவப்பில் காட்டுவதும் ஒரே எடை கொண்டவை அல்ல.

என் பார்வையில் இவற்றில் மூன்றாவதும் நான்காவதும்தான் முக்கியம். பெரும்பாலானவர்கள் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

## எல்லா வழிக்கும் பொதுவாக ஒரு உதாரணம்

500 கிராம் என்று அச்சிட்ட மாவுப் பொட்டலங்களை ஒரு இயந்திரம் நிரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி எடை 505 கிராம், திட்ட விலக்கம் 5 கிராம். இந்தியாவில் 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி 500 கிராம் பொட்டலத்தில் அனுமதிக்கப்படும் அதிகபட்சக் குறை 3 சதவீதம், அதாவது 15 கிராம். ஆகவே 485 கிராமுக்குக் கீழே ஒரு பொட்டலம் போனால் சிக்கல். உரிமையாளருக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன. 500-க்குக் கீழே எத்தனை போகும்? 498-க்குக் கீழே எத்தனை? 485-க்குக் கீழே எத்தனை?

## வழி 1: 68-95-99.7 விதி

இயல்நிலைப் பரவலில் சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68.27 சதவீதமும், இரண்டுக்குள் 95.45 சதவீதமும், மூன்றுக்குள் 99.73 சதவீதமும் அடங்கும். நம் பொட்டலங்களுக்கு அது 500 முதல் 510, 495 முதல் 515, 490 முதல் 520.

500-க்குக் கீழே எத்தனை என்ற கேள்விக்கு மனக்கணக்கே போதும். 500 என்பது சராசரிக்கு ஒரு திட்ட விலக்கம் கீழே. வெளியே இருப்பது 32 சதவீதம், அதில் பாதி கீழ்ப்பக்கம், ஆக 16 சதவீதம். காகிதம்கூட வேண்டாம். இதே முறையில் 495-க்குக் கீழே 2.5 சதவீதம் என்று சொல்லிவிடலாம் (துல்லியமாக 2.28). இந்த வேகம்தான் விதியின் பலம். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் அது வழக்கமானதா, அரிதானதா என்று அங்கேயே எடைபோட்டுவிடலாம்.

எங்கே இதுதான் சரி: எல்லைக்கோடு முழு எண் திட்ட விலக்கத்தில் விழும்போது, தோராயமான விடை போதும் என்னும்போது, கணினி தந்த விடை நம்பத்தகுந்ததா என்று சோதிக்கும்போது. தேர்வுத்தாளில் "ஏறக்குறைய" என்ற சொல் இருந்து, எண்களும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக வந்தால், கேட்பவர் எதிர்பார்ப்பதும் இந்த விதியைத்தான்.

மறைந்திருக்கும் செலவு: எந்தத் தரவைக் கொடுத்தாலும் இந்த விதி ஒரு விடையைத் தந்துவிடும். தரவு மணி வடிவத்தில் இல்லை என்று அது ஒருபோதும் எச்சரிக்காது. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனையிலோ வங்கியிலோ காத்திருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெரும்பாலும் பொருந்தி வருவது அடுக்குக்குறிப் பரவல்: நிறைய பேர் சீக்கிரம் முடித்துவிடுவார்கள், ஒரு சிலர் மட்டும் வெகுநேரம் மாட்டிக்கொள்வார்கள். இந்தப் பரவலில் சராசரியும் திட்ட விலக்கமும் சமம். சராசரி 10 நிமிடம் என்றால் திட்ட விலக்கமும் 10 நிமிடம். ஒரு திட்ட விலக்கத்துக்குள், அதாவது 0 முதல் 20 நிமிடத்துக்குள் இருப்பவர்கள் 86.5 சதவீதம். விதி சொல்வது 68. இது பெரிய வித்தியாசம்தான், பார்த்தவுடன் சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் இரண்டு திட்ட விலக்கத்தில் என்ன ஆகிறது பாருங்கள். 30 நிமிடத்துக்குள் முடித்தவர்கள் 95.0 சதவீதம். விதி சொன்னதும் 95! இதைப் பார்த்து "ஆகா, பொருந்துகிறதே" என்று மகிழ்ந்தால் மாட்டிக்கொள்வோம். விதிப்படி வெளியே நிற்கும் 5 சதவீதம் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிய வேண்டும். இங்கே கீழ்ப்பக்கம் ஒருவரும் இல்லை, காத்திருப்பு நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. மொத்த 5 சதவீதமும் மேல்பக்கம்தான். 40 நிமிடத்தைத் தாண்டுபவர்கள் விதிப்படி ஆயிரத்துக்கு ஒருவருக்குச் சற்று மேல்; உண்மையில் ஆயிரத்துக்கு 18 பேர். பதின்மூன்று மடங்குக்கு மேல். புகார் எழுதுபவர்கள் அந்தப் பதினெட்டுப் பேர்தான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எடை, நேரம், வருமானம் போல எதிர்மறையாகப் போகவே முடியாத ஒன்றை அளக்கிறீர்கள் என்றால், சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்தைக் கழித்துப் பாருங்கள். சராசரி 12, திட்ட விலக்கம் 10 என்றால் 12 கழித்தல் 20, மைனஸ் 8. நடக்கவே முடியாத மதிப்பு. அந்த இடத்திலேயே விதியைக் கீழே வைத்துவிடலாம். மூலத்தரவு கையில் இல்லாமல், அறிக்கையில் வெறும் இரண்டு எண்கள் மட்டும் இருந்தாலும் இந்தச் சோதனை வேலை செய்யும்.

இரண்டு மேடு உள்ள தரவும் இதே போல ஏமாற்றும். ஒரு இயந்திரம் சராசரியாக 500 கிராமும் இன்னொன்று 510 கிராமும் நிரப்புகின்றன, ஒவ்வொன்றின் திட்ட விலக்கமும் 2 கிராம் என்று வையுங்கள். இரண்டையும் சேர்த்துக் கணித்தால் சராசரி 505, திட்ட விலக்கம் சுமார் 5.4. எண்கள் நம் முதல் உதாரணம் போலவே தெரியும். ஆனால் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 58 சதவீதம்தான் இருக்கும், இரண்டுக்குள் 99.8 சதவீதம் இருக்கும். இங்கே செய்ய வேண்டிய வேலை புள்ளியியல் கணக்கே அல்ல. இயந்திரவாரியாகத் தரவைப் பிரிப்பது.

## வழி 2: இசட் மதிப்பு, அட்டவணை அல்லது மென்பொருள்

இதுவும் இயல்நிலைப் பரவலை நம்பும் வழிதான். விதி மூன்று இடத்தில் மட்டும் விடை சொல்கிறது. இது எந்த இடத்திலும் சொல்லும்.

498-க்குக் கீழே எத்தனை என்பதைப் பார்ப்போம். 498 கழித்தல் 505, அதை 5-ஆல் வகுத்தால் மைனஸ் 1.4. அட்டவணையில் விடை 8.08 சதவீதம். விதியை மட்டும் வைத்திருப்பவரால் "2.5-க்கும் 16-க்கும் இடையில் எங்கோ" என்றுதான் சொல்ல முடியும். சிலர் இரண்டு எண்களுக்கும் நடுவே நேர்கோடு போட்டுக் கணக்கிடுவார்கள். அப்படிச் செய்தால் 10.6 சதவீதம் வரும். உண்மையைவிடக் கால் பங்குக்கு மேல் அதிகம். மணி வளைவு நேர்கோட்டில் இறங்குவதில்லை, வளைந்து இறங்குகிறது. அதனால் இந்தக் குறுக்குவழியைத் தவிர்ப்பதே நல்லது.

எங்கே இதுதான் சரி: எல்லைக்கோடு பின்ன மதிப்பில் விழும்போது, "மேலே உள்ள 10 சதவீதம் எங்கே தொடங்குகிறது" என்று தலைகீழாகக் கேட்கும்போது, இடைவெளியைச் சரியாக 95 சதவீதத்துக்கு அமைக்க வேண்டும் என்னும்போது. கடைசியாகச் சொன்னதற்கு 2 அல்ல, 1.96 வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: ஒன்று சின்னது, ஒன்று பெரியது. சின்னதை முதலில் சொல்கிறேன். எல்லா அட்டவணைகளும் ஒரே மாதிரி இல்லை. 1.4-க்கு ஒன்றில் 0.4192 இருக்கும், இன்னொன்றில் 0.9192 இருக்கும். முதலாவது சராசரியிலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள பரப்பு. இரண்டாவது இடதுகோடியிலிருந்து அந்தப் புள்ளி வரை. அட்டவணையின் தலைப்பில் சிறிய படம் ஒன்று இருக்கும், அதில் நிழலிட்ட பகுதியைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தால் தப்பு வராது. எக்செல்லில் நார்ம்.டிஸ்ட் சூத்திரம், கடைசி உள்ளீட்டை TRUE என்று கொடுத்தால், இடதுகோடியிலிருந்துதான் கணக்கிடும்.

பெரிய செலவு, போலித் துல்லியம். உரிமையாளரின் மூன்றாவது கேள்வியை எடுங்கள். 485 என்பது சராசரிக்கு நான்கு திட்ட விலக்கம் கீழே. இயல்நிலைப் பரவலின்படி லட்சம் பொட்டலத்துக்கு மூன்று. நல்ல செய்தியாகத் தெரிகிறது. ஆனால் அந்த 5 கிராம் என்ற திட்ட விலக்கத்தை எத்தனை பொட்டலங்களை நிறுத்துக் கண்டுபிடித்தார்கள்? 15 பொட்டலம் என்றால் அதில் ஏறக்குறைய 20 சதவீதம் முன்பின் இருப்பது சர்வசாதாரணம். உண்மையான திட்ட விலக்கம் 6 என்று வைத்துப் பாருங்கள்: லட்சத்துக்கு மூன்று என்பது 43 ஆகிவிடும். ஒரு கிராம் வித்தியாசம், பதினான்கு மடங்கு விளைவு. மென்பொருள் திரையில் ஆறு தசம இலக்கம் காட்டுவதால் இந்தச் சந்தேகம் எதுவும் கண்ணில் படுவதில்லை.

இதே பிழை நடுப்பகுதியில் இவ்வளவு பாதிப்பதில்லை. 500-க்குக் கீழே 16 சதவீதம் என்றது, திட்ட விலக்கம் 6 ஆனால் 20 சதவீதம் ஆகும். அவ்வளவுதான். நடுவை நம்பலாம், வாலை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த வித்தியாசம்.

## வழி 3: செபிஷேவ் சமனின்மை

ரஷ்யக் கணிதர் செபிஷேவ் 1867-இல் வெளியிட்டது. பிரான்சில் பியனேமே 1853-இலேயே இதைச் சொல்லியிருந்தார். தரவு எந்த வடிவத்தில் இருந்தாலும், சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது 75 சதவீதம், மூன்றுக்குள் குறைந்தது 88.9 சதவீதம் இருந்தே தீரும். ஒரு திட்ட விலக்கத்துக்கு இது எதையும் உறுதி சொல்வதில்லை.

நம் பொட்டலங்களுக்கு: 495 முதல் 515-க்குள் குறைந்தது 75 சதவீதம். 485-க்குக் கீழே அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்டால், ஒருபக்கத்துக்கு மட்டுமான காண்டெல்லியின் வடிவம் 5.9 சதவீதம் என்கிறது. லட்சத்துக்கு மூன்று எங்கே, லட்சத்துக்கு 5,900 எங்கே! இவ்வளவு அகலமான விடையை வைத்து உரிமையாளர் எதையும் தீர்மானிக்க முடியாது.

எங்கே இதுதான் சரி: வடிவம் துளியும் தெரியாதபோது, மூலத்தரவும் கிடைக்காதபோது, மிக மோசமான நிலையிலும் உடையாத ஒரு உத்தரவாதம் வேண்டும் என்னும்போது. அறிக்கையில் சராசரியும் திட்ட விலக்கமும் மட்டும் இருக்கின்றன, தரவு சாய்ந்திருப்பது தெரிகிறது என்றால், இதைத் தவிர நேர்மையாகச் சொல்ல வேறு எதுவும் மிஞ்சாது.

மறைந்திருக்கும் செலவு: அளவுக்கு மீறிய எச்சரிக்கை. ஹிஸ்டோகிராமில் ஒரே ஒரு மேடுதான் என்று தெரிந்துவிட்டால் விசோசான்ஸ்கி–பெட்டூனின் சமனின்மைக்கு மாறலாம். அது இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது 88.9 சதவீதம், மூன்றுக்குள் குறைந்தது 95 சதவீதம் என்கிறது. பாடப்புத்தகங்களில் அதிகம் தென்படாத இதை நான் செபிஷேவைவிட மேலாக மதிக்கிறேன். பெரும்பாலான நடைமுறைத் தரவுகளுக்கு ஒரு மேடுதான் இருக்கும். அந்தத் தகவலைச் சும்மா விடுவானேன்?

## வழி 4: தரவையே வரிசைப்படுத்திச் சதமானம் எடுப்பது

சூத்திரம் எதையும் நம்பாமல், மதிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, 2.5-ஆவது சதமானம் எங்கே, 97.5-ஆவது எங்கே என்று எண்ணிப் பார்ப்பது. ஜேஇஇ மெயின் தேர்வில் வெவ்வேறு அமர்வுகளில் எழுதியவர்களை ஒப்பிட இந்த வழிதான் பயன்படுகிறது. அங்கே யாரும் மதிப்பெண்கள் மணி வடிவத்தில் இருக்கின்றனவா என்று கவலைப்படத் தேவையில்லை.

எங்கே இதுதான் சரி: தரவு ஏராளமாக இருக்கும்போது, வடிவம் கோணலாக இருக்கும்போது. 1,000 பொட்டலங்களின் எடை பதிவாகியிருந்தால், 25-ஆவது சிறிய எடையைப் பார்த்தாலே கீழ் 2.5 சதவீதத்தின் எல்லை தெரிந்துவிடும். உரிமையாளரின் முதல் இரண்டு கேள்விகளுக்கும் எண்ணியே விடை சொல்லலாம்.

மறைந்திருக்கும் செலவு: வாலுக்குப் போனால் தரவு தீர்ந்துவிடும். மூன்று திட்ட விலக்கத்துக்குக் கீழே ஆயிரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மதிப்புகள்தான் இருக்கும். ஒற்றை மதிப்பை வைத்து எல்லை போட முடியாது. "300 பொட்டலம் நிறுத்துவிட்டேன், ஒன்றுகூட 485-க்குக் கீழே இல்லை" என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பொருள் என்ன? மூன்றை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 3/300, ஒரு சதவீதம். உண்மையான குறைவிகிதம் ஒரு சதவீதம் வரை இருந்தாலும், 300-இல் ஒன்றுகூடத் தென்படாமல் போக ஏறக்குறைய 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது. லட்சத்துக்கு ஆயிரம் வரை இருக்கலாம் என்ற நிலையை "பிரச்சினையே இல்லை" என்று படிப்பது ஆபத்து.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | 68-95-99.7 விதி | இசட் கணக்கு | செபிஷேவ் | சதமானம் |
|---|---|---|---|---|
| மணி வடிவம் தேவையா | ஆம் | ஆம் | இல்லை | இல்லை |
| எவ்வளவு தரவு வேண்டும் | சராசரி, திட்ட விலக்கம் நம்பும்படி வரும் அளவு | அதேதான். வாலுக்கு இன்னும் அதிகம் | பரவலின் சராசரியும் திட்ட விலக்கமும் தெரிந்தால் போதும் | 100-க்கு மேல். வாலுக்கு ஆயிரக்கணக்கில் |
| 500-க்குக் கீழே | 16% | 15.9% | அதிகபட்சம் 50% | எண்ணிப் பார்க்கலாம் |
| 498-க்குக் கீழே | 2.5 முதல் 16% | 8.08% | அதிகபட்சம் 33.8% | எண்ணிப் பார்க்கலாம் |
| 485-க்குக் கீழே | 0.15%-க்கும் குறைவு | 0.003% | அதிகபட்சம் 5.9% | மிகப் பெரிய தரவு வேண்டும் |
| எப்படி ஏமாற்றும் | சாய்ந்த தரவிலும் விடை தரும் | போலித் துல்லியம் | மிக அகலமான எல்லை | வாலில் வெறுமை |

(செபிஷேவ் பத்தியில் ஒருபக்க வடிவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.)

## உண்மையான இடங்களில் என்ன செய்கிறார்கள்

மருத்துவ ஆய்வகம் இந்த நான்கில் மூன்றையாவது தினமும் பயன்படுத்தும் இடம், அதனால் அங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

காலையில் நோயாளிகளின் ரத்தத்தை ஓட்டுவதற்கு முன், அளவு ஏற்கெனவே தெரிந்த கன்ட்ரோல் மாதிரியை இயந்திரத்தில் ஓட்டுவார்கள். குளுக்கோஸ் கன்ட்ரோலின் சராசரி 100, திட்ட விலக்கம் 3 என்றால், கன்ட்ரோல் அளவுகளை வரிசையாகக் குறித்துவரும் லெவி–ஜென்னிங்ஸ் படத்தில் 94, 106 இரண்டு கோடுகள், 91, 109 இன்னும் இரண்டு கோடுகள். இந்தப் படம் 1950-லிருந்து ஆய்வகங்களில் இருக்கிறது. ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் சிறு பிழைகள் பெரும்பாலும் மணி வடிவத்துக்குப் பக்கத்தில் அமைவதால், இந்த இடத்துக்கு விதி நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் எந்தக் கோட்டில் நிறுத்துவது? இரண்டு திட்ட விலக்கத்தைத் தாண்டினாலே நிராகரிப்பது என்று வைத்தால், இரண்டு கன்ட்ரோல் ஓட்டும் ஆய்வகத்தில், இயந்திரம் நன்றாக இருக்கும் நாட்களிலும் நூற்றுக்கு ஒன்பது ஓட்டங்கள் காரணமில்லாமல் நிராகரிக்கப்படும். மூன்று கன்ட்ரோல் என்றால் 13. ஊழியர்கள் சலித்துப்போய், எச்சரிக்கை வந்தாலும் திரும்ப ஓட்டிவிட்டு நகரப் பழகிவிடுவார்கள். வெஸ்ட்கார்ட் 1981-இல் தந்த விதிகள் இதற்குத்தான்: இரண்டைத் தாண்டினால் எச்சரிக்கை மட்டும், மூன்றைத் தாண்டினால் நிராகரிப்பு, அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே பக்கம் இரண்டைத் தாண்டினாலும் நிராகரிப்பு.

அதே ஆய்வகம் நோயாளியின் அறிக்கையில் அச்சிடும் "இயல்பு அளவு" வேறு விதமாக உருவாகிறது. குறைந்தது 120 ஆரோக்கியமானவர்களின் மதிப்புகளை வரிசைப்படுத்தி, கீழிருந்து மூன்றாவதையும் மேலிருந்து மூன்றாவதையும் எல்லையாக எடுப்பது பரிந்துரைக்கப்படும் முறை. அதாவது நான்காவது வழி. ஏன் விதியைப் பயன்படுத்துவதில்லை என்பது ரத்தக் கொழுப்பு வகையான ட்ரைகிளிசரைடைப் பார்த்தால் புரியும். அது மேல்பக்கம் நீண்டு சாய்ந்த தரவு. சராசரி 133, திட்ட விலக்கம் 65 என்று ஒரு தொகுதி இருந்தால், விதிப்படி எல்லை 3 முதல் 263 வரை. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு 5 இருக்கும் ஒருவரையும் இந்த எல்லை இயல்பு என்று சொல்லிவிடும்.

இதற்கு இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது: மதிப்புகளின் மடக்கையை எடுத்துக்கொண்டு, அதன் மேல் விதியைப் பயன்படுத்துவது. மேலே சொன்ன தொகுதியில் மடக்கை மணி வடிவத்தில் இருந்தால், எல்லை ஏறக்குறைய 48 முதல் 301 வரை வரும். 120 பேர் கிடைக்காத சின்ன ஆய்வுகளுக்கு இது கைகொடுக்கும். மடக்கை எடுத்த பிறகும் ஒருமுறை ஹிஸ்டோகிராமைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் அறிக்கை கையில் வாங்குபவர்களுக்காகச் சொல்ல வேண்டும். இயல்பு அளவு என்பது 95 சதவீத ஆரோக்கியமானவர்களை உள்ளடக்கும்படி அமைக்கப்பட்டது. ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் செய்துகொள்ளும் நல்ல உடல்நலமுள்ள ஒருவருக்கு, ஒன்றாவது சிவப்பில் வர 64 சதவீத வாய்ப்பு. ஒரே ஒரு எண் கொஞ்சம் வெளியே இருப்பதைப் பார்த்தவுடன் பதற வேண்டாம். மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

குழந்தைகளின் வளர்ச்சி இன்னொரு நல்ல உதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரங்கள், இந்தியா உட்பட ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவானவை. வயதுக்கேற்ற உயரம் மைனஸ் 2 திட்ட விலக்கத்துக்குக் கீழே இருந்தால் வளர்ச்சிக் குன்றல். உயரம் மணி வடிவத்துக்கு மிக நெருக்கமானது, ஆகவே நல்ல ஊட்டம் பெறும் சமூகத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே நூற்றுக்கு இரண்டு, மூன்று குழந்தைகள்தான் இருக்க வேண்டும். 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் அந்தக் கோட்டுக்குக் கீழே. தமிழ்நாட்டில் 25 சதவீதம். விதி தரும் 2.3 என்ற எண் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்த இடைவெளியின் ஆழம் புரியாது. எடைக்கு மட்டும் அந்த நிறுவனமே நேரடியாக விதியை வைக்கவில்லை. எடை சாய்ந்த தரவு என்பதால் வளைவைத் திருத்தித்தான் கோடுகளைப் போட்டது.

விதியை எடுத்துச் செல்லவே கூடாத இடம் பங்குச்சந்தை. சென்செக்ஸின் தினசரி ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் அமைதியான காலங்களில் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். மணி வளைவை நம்பினால், ஒரே நாளில் 7 சதவீதம் விழுவது சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்தது. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் 22.6 சதவீதம் விழுந்தது. சேமிப்பை வைத்திருப்பவர்களுக்கு "99.7 சதவீதம் பாதுகாப்பு" என்று யாராவது திட்ட விலக்கத்தை வைத்துச் சொன்னால், அதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

## மதிப்புகள் மிகக் குறைவாக இருந்தால்

பத்துப் பதினைந்து மதிப்புகளே கையில் இருப்பவர்கள்தான் இந்த விதியை அதிகம் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். சராசரியும் திட்ட விலக்கமும் அதே சின்னத் தொகுதியிலிருந்து வந்திருந்தால், அடுத்து வரப்போகும் மதிப்பு 95 சதவீத உறுதியோடு விழும் எல்லைக்கு 2-ஆல் பெருக்கினால் போதாது. 30 மதிப்புகள் இருந்தால் 2.08, 10 இருந்தால் 2.37, 5 தான் என்றால் 3.04 வேண்டும். இதுவும் தரவு மணி வடிவத்தில் இருந்தால்தான்.

"மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டினால் அது தவறான மதிப்பு" என்ற பழக்கம் இங்கே முற்றிலும் செயலிழக்கும். பத்து எடைகள்: 498, 499, 500, 500, 501, 501, 502, 503, 504, 900. கடைசியது தட்டச்சுப் பிழை என்று குழந்தைக்கும் தெரியும். சராசரி 540.8, திட்ட விலக்கம் 126.2. மூன்று திட்ட விலக்கத்தின் மேல் எல்லை 919. ஆக 900 உள்ளேயே இருக்கிறது! அந்த ஒரு மதிப்பே திட்ட விலக்கத்தை ஊதிப் பெரிதாக்கித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. 900-க்குப் பதில் 9 லட்சம் என்று எழுதினாலும் கதை இதுதான்: பத்து மதிப்புகளில் எதுவும் 2.85 திட்ட விலக்கத்துக்கு மேல் விலகவே முடியாது என்பது கணித உண்மை. பதினொரு மதிப்புகள் இருந்தால்தான் மூன்றைத் தொடவே முடியும்.

இந்த மாதிரித் தொகுதிக்குச் சராசரியை விட்டுவிட்டு இடைநிலையை, அதாவது வரிசையின் நடுவில் வரும் மதிப்பை, எடுங்கள். இங்கே அது 501. ஒவ்வொரு மதிப்பும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதி, அந்த விலகல்களின் இடைநிலையைக் கண்டுபிடித்தால் 1.5. அதை 1.4826-ஆல் பெருக்கினால் 2.2, மணி வடிவத் தரவில் திட்ட விலக்கத்துக்கு நிகரான எண். மூன்று மடங்கு எடுத்தால் எல்லை 494 முதல் 508 வரை. 900 வெளியே நிற்கிறது, மற்ற ஒன்பதும் உள்ளே. அதன் பிறகு பதிவேட்டைத் திறந்து, அந்த எடையை யார் எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள். பார்க்காமல் அழித்துவிட வேண்டாம்.